தலைப்பில்லாத கணக்குத் தாள்

ரங்கூன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் கூடவே அனுப்பிய கணக்குக் கட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தன. மகளுக்கு நல்லபடியாகப் பிரசவமாகிவிட்டது என்று எழுதியிருந்தாய், ரொம்ப சந்தோஷம். தாத்தாவாகிவிட்டாய், இனியாவது கொஞ்சம் அடங்கி இரு. இங்கே வீட்டம்மாவுக்கு முழங்கால் வலி போவதும் வருவதுமாக இருக்கிறது. மற்றபடி எல்லாரும் சௌக்கியம். காளி கோயில் பக்கம் போனால் உன் சித்தப்பாவைப் பார்க்காமல் வருவதில்லை. காது மந்தமாகிவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. மூன்று கடை தள்ளி நின்றாலும் அவர் என்னைத் திட்டுவது கேட்கும்.

சரி, கணக்குக்கு வருகிறேன். பிசினஸ், புள்ளியியல், புரோகிராமிங், இன்ஜினியரிங் என்று நான்கு கட்டாகக் கட்டி, ஒவ்வொன்றுக்குள்ளும் அத்தியாயத் தலைப்புப் போட்டு அனுப்பியிருக்கிறாய். என் டியூஷன் பிள்ளைகளுக்குப் பயன்படுமா என்று கேட்டிருந்தாய். கணக்குகளில் பாதிக்கு மேல் நன்றாகவே இருக்கின்றன. எனக்கு ஒத்துவராதது அந்தத் தலைப்புகள்தான். மேலே ‘கூட்டு வட்டி’ என்று எழுதியிருந்தால் பையன் கேள்வியைப் படிப்பதே இல்லை. அதில் உள்ள மூன்று எண்களைப் பொறுக்கி எடுத்துச் சூத்திரத்தில் போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறான். பத்துக்குப் பத்து வாங்குகிறான். பரீட்சையில் தலைப்பு இருக்காது, கடையிலும் இருக்காது, அங்கேதான் விழிக்கிறான்.

என்னிடம் வருகிற பிள்ளைகள் பலவகை. எல்.சி.சி.ஐ. என்கிற லண்டன் கணக்கியல் பரீட்சை எழுதும் பெண்கள் சிலர், கம்ப்யூட்டர் படிக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளும் பையன்கள் சிலர், படிப்பு நடுவில் அறுந்துபோய் வெளிநாட்டுப் பரீட்சைக்குத் தயார் செய்பவர்கள் சிலர். இங்குள்ள நிலவரம் உனக்குத் தெரியும், விரித்து எழுத வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் ஒரே தாள் கொடுக்கிறேன். நான்கு பாடமும் கலந்திருக்கும், தலைப்பு இருக்காது, வரிசையும் இருக்காது. கணக்கியல் பெண்ணுக்குப் பேட்டரி கணக்கும், கம்ப்யூட்டர் பையனுக்கு வட்டிக் கணக்கும் போய்ச் சேரும். முதலில் எல்லாருக்கும் என்மேல் கோபம். மதிப்பெண் சரிந்துவிட்டது, பெற்றோர் வந்து கேட்டார்கள்.

அவர்களுக்கு நான் காட்டியது 2007இல் டக் ரோரர், கெல்லி டெய்லர் என்ற இருவர் அமெரிக்காவில் செய்த சோதனையை. கன அளவு கணக்குகளை ஒரு கூட்டத்துக்கு வகைவகையாகப் பிரித்தும், இன்னொரு கூட்டத்துக்குக் கலந்தும் கொடுத்தார்கள். பயிற்சியின்போது பிரித்துப் படித்தவர்கள் 89 சதவீதம், கலந்து படித்தவர்கள் 60. ஒரு வாரம் கழித்துப் பரீட்சை வைத்தால் பிரித்தவர்கள் 20, கலந்தவர்கள் 63. பெற்றோர்கள் அந்த எண்களைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்கள். நம்பினார்களா என்று தெரியாது, பிள்ளைகளை நிறுத்தவில்லை, அது போதும்.

தாளில் என்ன கணக்குகள் வைக்கிறேன் என்று கேட்டாய் அல்லவா. எனக்குப் பிடித்த ஒன்று பஸ் கணக்கு. பஸ்கள் சராசரியாக 20 நிமிடத்துக்கு ஒன்று வருகின்றன. எப்போது வேண்டுமானாலும் நிறுத்தத்துக்கு வரும் ஒருவர் சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருப்பார்? எல்லாரும் 10 நிமிடம் என்றார்கள். இடைவெளிகள் மாறி மாறி 5 நிமிடமும் 35 நிமிடமுமாக இருந்தால் என்று அடுத்த வரி கேட்கிறது. சராசரி அதே 20தான், ஆகவே அதே 10தான் என்று அடித்துச் சொன்னார்கள். தினமும் சூலே பகோடா நிறுத்தத்தில் ஒய்.பி.எஸ். என்கிற நகர பஸ்ஸுக்குக் கால் கடுக்க நிற்கும் பெண் ஒருத்தி மட்டும், “சார், நான் எப்பவும் பெரிய இடைவெளியிலதான் போய் மாட்டுறேன்” என்றாள். அதுதான் விடை! 40 நிமிடத்தில் சீராக எட்டுப் பேர் வந்து நின்றால், ஏழு பேர் 35 நிமிட இடைவெளிக்குள்தான் விழுவார்கள், ஒரே ஒருவர்தான் 5 நிமிட இடைவெளிக்குள். ஏழு பேருக்குச் சராசரி 17.5 நிமிடம், அந்த ஒருவருக்கு 2.5. எட்டுப் பேருக்கும் சேர்த்துப் பார்த்தால் 15.6 வருகிறது. பஸ் கம்பெனி தன் பஸ்களை எண்ணிச் சராசரி பார்க்கிறது, பயணி தன் கால்வலியை எண்ணிப் பார்க்கிறாள். யாரை எண்ணுகிறோம் என்பதைச் சூத்திரம் சொல்லாது. உன் புள்ளியியல் கட்டில் நாற்பது கணக்கு இருந்தும், இதைக் கேட்கும் கணக்கு ஒன்றுகூட இல்லை, கவனித்தாயா?

அப்புறம் நோட்டுக் கணக்கு. இது உனக்காகவே எழுதியது போல இருக்கும். 1987 செப்டம்பர் 5ஆம் தேதி உனக்கு மறக்காது. 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். மாற்றித் தரவும் இல்லை. அந்த மாதமே 45, 90 என்று புது நோட்டுகள் வந்தன. இரண்டும் ஒன்பதால் வகுபடும், ஒன்பது ராசியான எண் என்று ஊரெல்லாம் பேச்சு. உன் அப்பா கல்லாப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வாய் பேசாமல் உட்கார்ந்திருந்ததை நானும் பார்த்தேன். பிறகு அந்தப் புது நோட்டுக்குச் சில்லறை கொடுக்க அவர் பட்ட பாடு!

இன்றைய பிள்ளைகளுக்கு அது கதை. அவர்களுக்கு நான் கொடுத்தது இது: கல்லாவில் 1, 5, 10, 15, 45, 90 கியாட் நோட்டுகள் இருக்கின்றன. எந்தத் தொகையையும் ஆகக் குறைந்த நோட்டுகளில் கொடுக்க புரோகிராம் எழுது. கம்ப்யூட்டர் பையன்கள் ஐந்து நிமிடத்தில் எழுதிவிட்டார்கள். போகிற வரைக்கும் பெரிய நோட்டை எடு, மிச்சத்துக்கு அடுத்தது, மிச்சத்துக்கு அடுத்தது. ஓட்டிப் பார்த்தார்கள், எல்லாத் தொகைக்கும் சரியாக வந்தது. முகத்தில் வெற்றிக் களை. அதன் அடியில் இரண்டாம் வரி வைத்திருந்தேன்: கடையில் 5 கியாட் நோட்டு தீர்ந்துவிட்டது, 20 கியாட் சில்லறை கொடு. அதே புரோகிராம் ஒரு 15ஐயும் ஐந்து ஒற்றை நோட்டுகளையும் எண்ணி வைக்கிறது, ஆறு நோட்டு. எந்தக் கடைக்காரரும் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பத்தை நீட்டியிருப்பார்.

ஏன் இப்படி என்று அரை மணி நேரம் சண்டை நடந்தது. ஒவ்வொரு நோட்டும் அதற்கு முந்தைய சின்ன நோட்டால் மீதமின்றி வகுபட்டால் ‘பெரியதை முதலில் எடு’ என்கிற வழி ஒருநாளும் தப்பாது. 15, 45, 90 அப்படித்தான் போகிறது. 10க்கும் 15க்கும் நடுவில்தான் அது உடைகிறது. 5 இருக்கும்வரை அந்த உடைப்பு வெளியே தெரியாது, 20 என்றால் 15ம் 5ம் என்று இரண்டிலேயே முடிந்துவிடும். 5ஐ எடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஒரு பையன் எழுந்து, “அப்ப முதல்ல நான் எழுதினது சரியா, தப்பா?” என்று கேட்டான். இந்தக் கேள்வியைக் கேட்க வைத்ததற்காகவே அந்தக் கணக்கை வைத்துக்கொள்வேன். சோதனை எல்லாவற்றிலும் பாஸான புரோகிராம், பணப்பெட்டியில் ஒரு நோட்டு குறைந்ததும் கவிழ்கிறது. உன் கட்டில் உள்ள புரோகிராமிங் கணக்குகள் பெரும்பாலும் ‘பெருக்கல் வாய்ப்பாடு அச்சிடு, பகா எண்ணா என்று பார்’ வகை. கை பழக நல்லது. ஆனால் அவற்றில் தப்பு செய்ய இடமே இல்லை, தப்பு செய்ய இடமில்லாத கணக்கில் எனக்குப் பையனைப் பற்றி ஒன்றும் தெரிவதில்லை.

பிசினஸ் பக்கம் இதே மாதிரி ஒரு கண்ணி வைத்திருக்கிறேன், சுருக்கமாகச் சொல்கிறேன். 12 லட்சம் கடன், ஆண்டுக்கு 12 சதவீதம் ‘ஃபிளாட்’ வட்டி, அதாவது கடைசிவரை முழு அசலுக்கும் வட்டி, 12 மாதத் தவணை. உண்மையில் எத்தனை சதவீதம்? 12 என்றுதான் எழுதுவார்கள். வட்டி 1 லட்சத்து 44 ஆயிரம், சரி. ஆனால் அசல் மாதாமாதம் ஒரு லட்சம் குறைந்துகொண்டே போகிறது, சராசரியாகக் கையில் இருப்பது 6.5 லட்சம்தான். வகுத்துப் பார், 22 சதவீதத்துக்குப் பக்கம் வந்துவிடும். மோட்டார் சைக்கிள் தவணை கட்டும் அண்ணன்கள் உள்ள வீட்டுப் பிள்ளைகள் இதை வீட்டில் போய்ச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

எடைக் கணக்குகளை மட்டும் மாற்றிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. உன் வெங்காயம் கிலோவில் இருக்கிறது, இங்கே சந்தை இன்னும் வீசையில்தான் நடக்கிறது. நம் தாத்தாமார் மெட்ராஸில் நிறுத்த வீசை 1.4 கிலோ, இங்குள்ள வீசை 1.63 கிலோ. இந்த வித்தியாசத்தை வைத்தே ஒரு லாபக் கணக்கு எழுதலாம் என்று இருக்கிறேன்.

இன்ஜினியரிங்கில் உன் கப்பிக் கணக்குகளை ஒதுக்கி வைத்துவிட்டேன். உராய்வில்லாத கப்பி, எடையில்லாத கயிறு, இதெல்லாம் யார் வீட்டில் இருக்கிறது? அதற்குப் பதில் இன்வர்ட்டர் பேட்டரி. மின்சாரம் முறை வைத்து வரும் ஊரில் அதைத் தெரியாத பிள்ளை கிடையாது. 12 வோல்ட், 200 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரி. 60 வாட் ஃபேன், 10 வாட் பல்பு இரண்டு, 10 வாட் வைஃபை பெட்டி. எத்தனை மணி நேரம் ஓடும்? 12ஐ 200ஆல் பெருக்கி, வந்த 2,400ஐ 90ஆல் வகுத்து 26 மணி நேரத்துக்கு மேல் என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார்கள். விடையை அடிக்கோடிட்டவனிடமே, உங்கள் வீட்டில் ராத்திரி போட்டால் மறுநாள் ராத்திரி வரை ஓடுகிறதா என்று கேட்டேன். சிரித்துவிட்டான். பேட்டரி சீக்கிரம் கெடாமல் இருக்க பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, இன்வர்ட்டர் 85 சதவீதம்தான் வெளியே தரும் என்று சேர்த்தால் 2,400இல் பாதியான 1,200இல் 85 சதவீதம், அதாவது 1,020ஐ 90ஆல் வகுக்க வேண்டும், 11 மணி நேரம் சொச்சம். வீட்டில் நடப்பதும் ஏறக்குறைய அதுதான்.

ஒரு கணக்கை மட்டும் எழுதி, தாளில் சேர்க்காமல் வைத்திருக்கிறேன். 2025 மார்ச் 28 நிலநடுக்கம் 7.7. அதை 5.7 உள்ள ஒன்றோடு ஒப்பிட்டால் அலையின் வீச்சு 100 மடங்கு, வெளிப்படும் ஆற்றலோ சுமார் 1,000 மடங்கு. மடக்கைக்கு இதைவிட நல்ல கணக்கு கிடைக்காது. ஆனால் என் வகுப்பில் மாண்டலேயிலிருந்து வந்த பிள்ளை ஒன்று இருக்கிறது. 1934இல் கட்டிய சகாயிங் பாலம் அன்று ஆற்றில் விழுந்ததை ஊரில் இருந்தவர்கள் சொல்லிக் கேட்ட பிள்ளை. இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

போனில் படம் பிடித்தால் விடை வந்துவிடுகிறதே, நீ இன்னும் வீட்டுப்பாடம் கொடுக்கிறாயா என்று கேலியாக எழுதியிருந்தாய். கொடுக்கிறேன். விடைக்கு மதிப்பெண் இல்லை என்று சொல்லிவிட்டேன். ‘பக்கத்து பெஞ்சுக்காரன் இதில் எந்தத் தப்பு விடையை எழுதுவான், ஏன்?’ என்று ஒரு வரி எழுத வேண்டும், அதற்குத்தான் மதிப்பெண். போனும் ஏதோ ஒன்று சொல்லத்தான் செய்கிறது, நான் தடுக்கவில்லை. பஸ் கணக்குக்கு ஒரு பையன் அப்படி வாங்கி வந்த பதில் கச்சிதமாக இருந்தது. வகுப்பில் எழுந்து நின்று, 10 என்று சொன்னவனை ஒப்புக்கொள்ள வை என்றேன். திணறித்தான் போனான், ஆனால் கடைசியில் அந்த எட்டுப் பேரைப் பலகையில் கோடு போட்டு நிற்க வைத்துக் காட்டிவிட்டான். உன் கல்லூரியில் அறுபது பேர் வகுப்பில் இது நடக்காது என்பாய், ஒத்துக்கொள்கிறேன். வாரம் ஐந்து பேரையாவது எழுப்பிப் பாரேன்.

அதிர்வு பற்றிய கணக்குகள் வேறு கட்டில் இருப்பதாக எழுதியிருந்தாய். அதை அனுப்பு, அத்தியாய எண்ணைக் கிழித்துவிட்டு அனுப்பு, விடைத்தாளைச் சேர்க்காதே. பதிலுக்கு நோட்டுக் கணக்கின் மூன்றாம் பகுதியை உனக்குக் கொடுக்கிறேன்: செல்லாமல் போன 25, 35, 75ஐயும் 1, 5, 10, 15ஓடு கல்லாவில் வைத்துக்கொள், 45ம் 90ம் இல்லாத 1986ஆம் வருஷத்துக் கல்லா. ‘பெரியதை முதலில் எடு’ எங்காவது தப்புகிறதா? தப்பவில்லை என்றால் ஏன் என்று நிரூபித்து எழுது, கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தேன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்காதே.

பேத்திக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுத மறந்துவிட்டாய். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன் பழைய பெஞ்சுக்காரன்