கயல் ஒன்பது நாளில் விட்ட வேலை

மதுரை,
ஜூலை 18

அன்புள்ள மாப்பிள்ளை முருகனுக்கு,

பொங்கலுக்கு நீ நாக்பூரிலிருந்து அனுப்பிய ஆரஞ்சுக் கூடைக்கு ஆடியில் நன்றி சொல்கிறேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். நம் கூட்டாளி சோடாபுட்டி, தாத்தா ஆகிவிட்டான். அந்தக் கதையை அவன் வாயால் கேள், நான் சொன்னால் சுவைக்காது.

எழுத உட்கார்ந்தது என் பெண் கயலுக்காக.

பி.காம். முடித்தாள், 71 சதவீதம். ஜூன் மாதமே ஒரு நிதி நிறுவனத்தில் வேலை. 'ரிலேஷன்ஷிப் ஆபீசர்' என்று அட்டை அடித்துக் கொடுத்தார்கள். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கீழமாசி வீதி முழுக்கக் காட்டியவன் நான். பெயர்தான் நிதி, வேலை என்னவோ தவணை வசூல். ஒன்பதாம் நாள் உசிலம்பட்டிப் பக்கம் இட்லிக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மாவிடம் அனுப்பியிருக்கிறார்கள். நான்கு தவணை பாக்கி. அந்த அம்மா இவளைத் திண்ணையில் உட்காரவைத்து, ஒரு சொம்பு மோரைக் கையில் கொடுத்து, "இந்த வெயிலில் ஏன் தாயி அலைகிறாய்?" என்று கேட்டிருக்கிறார். மோரைக் குடித்துவிட்டுக் கடனை எப்படிக் கேட்பது? கேட்காமலே வந்துவிட்டாள். மறுநாள் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஆலோசகர்கள். என் மச்சினன் சிஎஃப்ஏ என்கிறான், முதலீட்டு ஆய்வுக்கான படிப்பு. மூன்று லெவல், கட்டணம் டாலரில். டாலருக்கு நான் எங்கே போவேன்? ஆக்சுவரி, அதாவது காப்பீட்டு அபாயத்தைக் கணக்குப் போடுகிறவர், ஆகலாமே என்றார் ஒருவர். காப்பீட்டுக் கம்பெனிகளில் நல்ல மதிப்பாம், ஆனால் பக்கத்துக்குப் பக்கம் நிகழ்தகவு. இவள் அந்தப் பாடத்தை எப்படித் தாண்டினாள் என்று எனக்குத்தான் தெரியும். சோடாபுட்டியோ, பங்குச் சந்தைத் துறைக்கான என்ஐஎஸ்எம் தேர்வு எழுதிப் பதிவு செய்துகொண்டு மியூச்சுவல் ஃபண்ட் விற்கலாம் என்கிறான். முதலில் யாரிடம் விற்பது? சொந்தக்காரர்களிடம். அப்புறம் கல்யாண வீட்டில் நம்மைக் கண்டால் அடுத்த பந்திக்குப் போய்விடுவார்கள்.

என் ஆசை உனக்குத் தெரியாததா? பேங்க்தான். அரசு பேங்குகளுக்கு ஆள் எடுக்கும் ஐபிபிஎஸ் ஆபீசர் தேர்வுக்கு 30 வயது வரை இடமிருக்கிறது. ரிசர்வ் வங்கியின் கிரேடு பி ஆபீசர் தேர்வுக்குப் பட்டப்படிப்பில் 60 சதவீதம் கேட்கிறார்கள், அதுவும் இருக்கிறது. பேங்க் வேலை என்றால் கோயில் தூண் மாதிரி, அசையாது என்றேன். "முருகன் மாமாவின் அப்பா வேலை பார்த்த பேங்க் எங்கே அப்பா?" என்று கேட்டாள். நான் என்ன சொல்ல? பேங்க் ஆஃப் மதுரா. 1943இல் கருமுத்து தியாகராசர் தொடங்கியது, 2001இல் ஐசிஐசிஐயோடு சேர்ந்து பெயரே போய்விட்டது. உன் அப்பா அந்த பேங்க் டைரியைத் தவிர வேறு டைரியில் பால் கணக்கு எழுதியதுண்டா? பேங்க் போனால் என்ன, ஆட்களுக்குச் சம்பளம் வந்ததே என்று சமாளித்தேன். சிரித்தாள்.

சும்மா இருக்கிறாளே என்று போன வாரம் என் ஆபீசுக்குக் கூட்டிப் போனேன். அதே மாடிதான், கீழே வத்தல் மண்டி, தும்மிக்கொண்டேதான் கணக்கு எழுத வேண்டும். 14ஆம் தேதி ஜிஎஸ்டியின் 2பி, அதாவது விற்றவர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல், வந்ததும் கொள்முதல் பில்களோடு ஒத்துப் பார்க்கச் சொன்னேன். ஸ்கேலை வைத்து வரி வரியாக இறங்கினாள். நாலு மணிக்கு, "அப்பா, இந்த பில் இதில் இல்லை" என்றாள். விருதுநகர் வியாபாரி, நாம் கணக்கு எழுதும் கடைக்காரர் ஒருவருக்கு 3,68,000 ரூபாய்க்கு வத்தல் அனுப்பியிருக்கிறார். 5 சதவீதம் வரி, 18,400 ரூபாய். அதே பெயரில் திண்டுக்கல்லில் இருக்கும் இன்னொரு கடையின் ஜிஎஸ்டி எண்ணில் அந்த பில்லை ஏற்றிவிட்டார். நம் கடைக்காரர் கணக்கில் அந்த வரியை வரவு எடுத்திருந்தால் பின்னால் நோட்டீஸ் வந்து நின்றிருக்கும். நானாக இருந்தால் விட்டிருப்பேன் மாப்பிள்ளை. உன்னிடம் சொல்வதற்கு என்ன. இவளே விருதுநகருக்குப் போன் போட்டு, அடுத்த ரிட்டர்னில் திருத்துவதாக ஒப்புக்கொள்ளவைத்த பிறகுதான் காப்பி குடித்தாள்.

அன்று இரவு சாப்பிடும்போது சொன்னாள்: சிஏ. ஆடிட்டர் படிப்பு.

பட்டதாரி என்பதால் ஃபவுண்டேஷன் என்ற முதல் தேர்வு இல்லாமல் நேராக இன்டர்மீடியட்டில் சேரலாம். அதில் 2 குரூப்பும் தேறி, 2 வருடம் ஆடிட்டரிடம் ஆர்டிக்கிள்ஷிப் பயிற்சி இருந்து, அப்புறம் ஃபைனல். ஒவ்வொரு தாளிலும் 40 வாங்கினாலும் போதாது, குரூப் மொத்தத்தில் 50 சதவீதம் வர வேண்டும். பக்கத்து ஆடிட்டர் ஆபீசில் ஒரு பையன் அந்த ஓரிரு மார்க்கிலேயே ஐந்து வருடமாக நிற்கிறான். தினமும் மாடிப்படியில் பார்க்கிறேன், 'பரீட்சை எப்படி?' என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். இவளும் அப்படி நின்றுவிட்டால்? அவள் அம்மா வேறு ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டு, 'படிப்பு முடிவதற்குள் கல்யாண வயது போய்விடும்' என்று ஆரம்பிக்கிறாள். எனக்குக் கல்யாணம் பெரிதல்ல. பிள்ளை மனது உடைந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஸ்கேலைப் பிடித்திருந்த கையைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

நீ ஞாயிற்றுக்கிழமை அவளோடு பேசு. பேங்க் பக்கம் இழுப்பாயோ, சிஏ பக்கம் தள்ளுவாயோ, உன் இஷ்டம். 1993இல் பேங்க் வேலைக்கு நடந்த பிஎஸ்ஆர்பி பரீட்சைப் பேச்சை மட்டும் எடுக்காதே. அன்றைக்குக் காய்ச்சல், நான் எழுதவே போகவில்லை என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன்,
பாண்டி