அந்த எம்சிபியைக் கழற்றிவிடு

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய போட்டோக்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழைய சேட்டக் ஸ்கூட்டரை பேட்டரி வண்டியாக மாற்றிவிட்டாய், இனிச் சாய்த்துப் போட்டு உதைக்க வேண்டியதில்லை. அந்த வண்டியில் எஞ்சினே பின்சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம். அதைக் கழற்றினால் சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லை. நீ புதிதாக ஆர்ம் வெல்டிங் செய்து, சக்கரத்துக்குள்ளேயே இருக்கிற ஹப் மோட்டாரை மாட்டியிருக்கிறாய். மோட்டார் காயில் கட்டுகிறவன் மகள் என்று கணபதியில் பழைய ஆட்களுக்கெல்லாம் காட்டினேன்.

ஆனால் பேட்டரி பக்கத்தில் ஒரு எம்சிபி, அந்த டிரிப் ஆகிற சுவிட்ச், தெரிகிறது. மேலே 240 வோல்ட், பக்கத்தில் அலைக்கோடு. அது வீட்டு ஏசி கரண்ட்டுக்குப் போடுகிற சாமான் கண்ணு. ஏசி கரண்ட் விநாடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடும், சுவிட்ச் பிரியும்போது வருகிற பொறி அதில் அணைந்துவிடும். பேட்டரி தருகிற டிசியில் அந்தப் பேச்சே இல்லை, பொறி நின்று எரியும். 20 பேட்டரி செல் சேர்த்தால் 64 வோல்ட். ஷாக் பெரிதாக இருக்காது என்று அசட்டையாக இருக்காதே, ஸ்பேனர் ஒன்று குறுக்கே விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். டிசி என்று போட்ட ஃபியூஸை வாங்கி, பேட்டரியின் பிளஸ்ஸை ஒட்டி மாட்டு. இதைக்கூடவா அப்பாவிடம் கேட்கக் கூடாது?

செல் மேல் குனியும்போது வளையல், மோதிரம், கழுத்தில் தொங்குவது எதுவும் கூடாது. நீயும் கழுத்தில் ஒன்றும் போடாமல்தான் குனிந்திருக்கிறாய். அது சரிதான். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசியபோதும் போட்டிருக்கவில்லை. அன்றைக்கும் வண்டி வேலையாக இருந்திருக்கும். அந்தப் போட்டோவை அம்மாவுக்குக் காட்டவில்லை, வயர்களைப் பார்த்தால் பயப்படுவாள்.

அவ்வளவு கனமான சக்கரத்தை மாட்டும்போது யார் பிடித்தார்கள்? மாப்பிள்ளை கூட இருந்தாரா? எந்தப் போட்டோவிலும் அவர் இல்லை. போட்டோ எடுப்பதே அவர்தானோ என்னவோ. தாராபுரத்தில் சின்ன மாமன் சொன்னதை வைத்து நான் கேட்கவில்லை.

அப்புறம் ஆர்.சி. அங்கீகாரம் பெற்ற கிட் என்றால்தான் பெட்ரோல் என்றிருப்பதை மாற்றித் தருவார்கள். நாமே சேர்த்தது என்றால் கஷ்டம், இன்சூரன்ஸும் கைகொடுக்காது. அதுவரை பட்டறை வாசலைத் தாண்டாதே. செலவு செய்யும் முன்பே விசாரித்திருக்க வேண்டும். நீ எப்போதும் எல்லாம் முடிந்த பிறகுதான் சொல்கிறாய்.

சார்ஜ் போடும்போது பக்கத்தில் இரு. ராத்திரி போட்டுவிட்டுத் தூங்காதே. வீட்டு வாசல் ஓரத்தில் போடாதே, ஒன்று ஆனால் வெளியே ஓட வழி வேண்டும். நீ வாங்கியது லித்தியம் அயர்ன் பாஸ்பேட், மற்றதைவிட நிதானமானது, தெரியும். இருந்தாலும் தூங்காதே.

டிசி ஃபியூஸை நானே வாங்கி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை ராத்திரி காந்திபுரத்தில் பஸ் ஏறட்டுமா? வீட்டில் தோதுப்படாது என்றால் பட்டறையில் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவேன். இல்லையென்றால் வண்டியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு நீ இங்கே வா. ஷெட் காலியாகத்தான் கிடக்கிறது, உன் அறையும். இரண்டு பேராக வந்தாலும் சரி, நீ மட்டும் வந்தாலும் சரி. எத்தனை நாள் என்று யாரும் கேட்க மாட்டோம்.

எம்சிபியைக் கழற்றிவிட்டாயா? அதற்கு மட்டுமாவது இன்றைக்கே பதில் போடு.

அப்பா