நாக்கின் மேல் பழி போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த ஆங்கில உச்சரிப்புக் கட்டுரையில், ‘தமிழ்வழியில் படித்த கிராமத்துப் பிள்ளைகளுக்கு நாக்கு புரளாது’ என்று ஒரு வரி. அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். அந்த வரியைத் தாண்டி மேலே படிக்க மனம் வரவில்லை. ழகரமும் றகரமும் ணகரமும் பிசகாமல் சொல்லும் பிள்ளைக்கா நாக்கு புரளாது?

ஆறாம் வகுப்புக்கு வரும்போது ‘ஃபேன்’ என்பதைப் ‘பேன்’ என்றுதான் சொல்வார்கள். மேற்பல்லைக் கீழுதட்டில் வைத்து ‘வ’ சொல்லு, இப்போது குரலை நிறுத்திக் காற்றை மட்டும் விடு என்பேன். வந்துவிடும். பல்லும் இதழும் பொருந்த வகரம் பிறக்கிறது என்று தொல்காப்பியப் பிறப்பியலிலேயே இருப்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

அழுத்தம்தான் உண்மையான சிக்கல். ஃபோட்டோகிராஃப் என்பதில் முதல் அசையில் அழுத்தம், ஃபோட்டோகிராஃபி என்றால் இரண்டாவதில், ஃபோட்டோகிராஃபிக் என்றால் மூன்றாவதில். அழுத்தம் விழாத உயிரெழுத்தின் ஒலி தேய்ந்துபோகும். குற்றியலுகரம் படித்த பிள்ளைக்கு உயிர் குறைந்து ஒலிப்பது புதிதா என்ன? நாமோ எல்லா அசைகளையும் ஒரே கனத்தில் வாசிக்கப் பழக்கிவிட்டு, கேட்பவருக்குப் புரியவில்லை என்றதும் பிள்ளையைக் குற்றம் சொல்கிறோம்.

எங்கள் பள்ளிக்கு வந்த ஹெட்போன்களைக் கெட்டுவிடும் என்று பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். உச்சரிப்பு நடத்தினால் ‘முதலில் போர்ஷனை முடிங்க டீச்சர்’ என்பார் தலைமையாசிரியர். ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பிலோ ஒலிக்குறிகளைப் பலகையில் எழுதிப் போட்டார்கள். ஒரு ஒலியைக்கூடக் காதால் கேட்க வைக்கவில்லை.

என் மாணவி ஒருத்தி பிழையில்லாமல் ஆங்கிலம் பேசுவாள். சென்னையில் ஒரு கால் சென்டர் நேர்காணலில் ‘எம்.டி.ஐ. அதிகம்’ என்று அனுப்பிவிட்டார்கள். தாய்மொழித் தாக்கமாம். அப்புறம் நேர்காணல் என்றாலே போகமாட்டேன் என்றாள். ஸ்காட்லாந்துக்காரர் பேச்சிலும்தான் அவர் ஊர் தெரிகிறது. அவரை யாரும் நாக்கு புரளாதவர் என்று எழுதுவதில்லையே ஐயா.

ஒரு வேண்டுகோள். இணைப்பில் வாராவாரம் வரும் ஆங்கிலப் பகுதியில் சொற்களின் ஒலியைத் தமிழ் எழுத்தில் தருகிறீர்கள். மின்விசிறி (fan), வாணலி (pan), தடை (ban) மூன்றுக்கும் ‘பேன்’ என்றே அச்சாகிறது. படிக்கிற பிள்ளை எதை எப்படிச் சொல்லும்? மின்விசிறிக்கு ஃ போடுங்கள். தடைக்குரிய சொல்லில் பகரத்தின் கீழே ஒரு கோடு போடுங்கள். நீளமான சொற்களில் அழுத்தம் விழும் அசையை மட்டும் தடித்த எழுத்தில் அச்சிடுங்கள். இதற்கு இடமும் அதிகம் ஆகாது, செலவும் ஆகாது. அந்த ஒரு வரிக்கும் வருத்தம் தெரிவித்தால் நன்றியுடையவளாவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
தேனி மாவட்டம்.