டிசம்பர்ல ஒரு சனிக்கிழமை எனக்கு வேணும்

அடியே மாலா,

நல்லா இருக்கியா, பெர்த்ல குளிர் விட்டுச்சா, அம்மாவோட முட்டி ஆபரேஷன் எப்டி போச்சு? இங்க சிங்கப்பூர்ல எல்லாரும் சௌக்கியம். மீசை மாஸ்டர தேக்கா மார்க்கெட்ல பாத்தேன், இன்னும் அதே நடை, அதே பை, உன்னத்தான் முதல்ல விசாரிச்சாரு. சரி அத விடு, உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லியே ஆகணும், போன்ல சொன்னா நடுவுல பூந்து என்ன முடிக்க விடமாட்டே, அதான் எழுதறேன்.

நம்ம சின்னவ லீடர்ஷிப் புரோகிராம்ல சேந்தா. ஆமாடி, சின்னவதான், கிளாஸ்ல எந்திரிச்சு நின்னா குரலே வெளிய வராதே, அவதான். செகண்டரி மூணு படிக்கற யாரு வேணாலும் பேர் குடுக்கலாம், பிரிஃபெக்டா இருக்கணும்னு இல்லன்னு சொல்லியிருக்காங்க, இவ வீட்ல கூட கேக்காம பேர் குடுத்துட்டு வந்துட்டா. ஸ்கூலுக்குப் பக்கத்துல ஒரு அடுக்குமாடி பிளாக், அங்க இருக்கறவங்களுக்கு என்ன கஷ்டம்னு கண்டுபிடிச்சு பிள்ளைங்களே ஒரு வழி பண்ணணும், கடைசில ஜட்ஜுங்க முன்னாடி பிரசன்டேஷன்.

நம்ம காலத்துல என்ன இருந்துச்சு சொல்லு. 1997ல சி.ஐ.பி.ன்னு கட்டாய சமூக சேவைய கொண்டாந்தாங்க, வருஷத்துக்கு 6 மணி நேரம், உண்டியல குடுத்து தோ பாயோவுல நிக்க வச்சாங்க, நீ அந்த கோட்டு போட்டவரு முதுகுல ஸ்டிக்கர் ஒட்டிட்டு ஓடினே. 2012ல அத வேல்யூஸ் இன் ஆக்‌ஷன்னு மாத்தினாங்க, மணிக்கணக்கு மட்டும் பாக்காம பிள்ளைங்களே யோசிச்சு செய்யணும்னு. பேப்பர்ல படிக்க நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா பெரியவன் படிக்கறப்ப அதுவும் பீச் கிளீனிங்கோட முடிஞ்சு போச்சு, அதனால நான் இதையும் பெருசா நம்பல.

முதல் வாரம் எல்லா டீமும் ஆப் செய்யப்போறோம்னுச்சு. மருந்து சாப்பிட ஆப், தனியா இருக்கற முதியவங்களுக்கு ஆப். இவங்க டீமும் வயசானவங்களுக்கு போன் சொல்லிக் குடுக்கறதுன்னு முடிவு பண்ணி ஸ்லைடெல்லாம் ரெடி. நல்லவேளை மென்டரா வந்த பொண்ணு, முதல்ல போய் கதவத் தட்டுங்க, என்ன செய்யப்போறோம்னு சொல்லாதீங்க, கேட்டுட்டு மட்டும் வாங்கன்னு அனுப்பிட்டா. அந்தப் பொண்ணு கைய நான் பாத்தா பிடிச்சுக்குவேன்.

அங்க 9வது மாடில ஒரு பாட்டி, நம்மாளு, தனியா இருக்காங்க. சின்னவ தமிழ்ல பேசினதும் உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு ஒரு பழைய மைலோ டின்ன எடுத்தாங்களாம். உள்ள அரசாங்கம் வீட்டுச் செலவுக்குக் குடுக்கற சி.டி.சி. வவுச்சர் லெட்டருங்க, நாலா மடிச்சு, ரப்பர் பேண்ட் போட்டு. ஒண்ணு கூட எடுக்கல! போன் தெரியாததால எடுக்கலன்னுதான் பிள்ளைங்க நெனச்சாங்க. பாட்டி சொன்னது வேற. போன் இல்லாட்டி சமூக மன்றத்துல, அதான் சி.சி.ல, போய்க் கேட்டா பேப்பர்ல அடிச்சுத் தருவாங்கன்னு அவங்களுக்கே தெரியும். ஆனா சி.சி. மெயின் ரோட்டுக்கு அந்தப்பக்கம், மேம்பாலம் ஏறணும், முட்டி வலி, அப்டியே போய் வாங்கினாலும் 5 கிலோ அரிசிய யாரு தூக்கிட்டு வர்றது? பாதி வவுச்சர் சூப்பர்மார்க்கெட்டுக்கு, பாதி ஹாக்கர் சாப்பாட்டுக் கடைக்கும் அக்கம்பக்கத்துப் பேட்டைக் கடைக்கும், ரெண்டுக்கும் நடக்கணும்ல. யோசிச்சுப் பாருடி, இதுல எந்த ஆப் என்ன பண்ணும்?

ஸ்லைடத் தூக்கிப் போட்டுட்டாங்க. சனிக்கிழமை காலைல 9 மணிக்கு லிஃப்ட் கிட்ட கூடணும், ஒரு ஆளுக்கு ரெண்டு பிள்ளைங்க, ஒரு டிராலி, மேம்பாலம் வேணாம், கொஞ்சம் சுத்தினாலும் சிக்னல் வழியா சி.சி., அங்கேந்து மார்க்கெட், திரும்பி வீட்டு வாசல் வரைக்கும். அவ்வளவுதான் ஐடியா. ஒவ்வொரு மாடிலயும் நாலு மொழில பெரிய எழுத்துல நோட்டீஸ், தமிழ் எழுதினது இவ. முதல் வாரம் பாட்டியும் ஒரு சீனத் தாத்தாவும் மட்டும்தான். அப்புறம் 4வது மாடி மக்சிக், அதான் மலாய்க்கார அம்மா, ஒருத்தங்க தானே வந்து, யாரு வரணும் யாருக்கு உடம்பு முடியலன்னு கதவு கதவா கேட்டு லிஸ்ட் போட ஆரம்பிச்சுட்டாங்க. பிள்ளைங்க உதவி பண்ணப் போனா அந்த பிளாக்கே எந்திரிச்சு வந்து நிக்குது.

பிரசன்டேஷன் அன்னிக்கு பெத்தவங்களையும் கூப்பிட்டிருந்தாங்க. ஒரு ஜட்ஜ் கேட்டாரு, இத நூறு பிளாக்குக்கு எப்டி கொண்டு போவீங்கன்னு. சின்னவ மைக்க வாங்கி, முதல்ல இந்த பிளாக்ல இன்னும் கதவு தொறக்காத வீடுங்க இருக்கு சார், அத முடிக்கணும்னா. குரல் நடுங்கல மாலா. பரிசு சென்சார் வச்சு குப்பத்தொட்டி செஞ்ச டீமுக்குப் போச்சு, அவங்களும் நல்லாத்தான் பண்ணியிருந்தாங்க, எனக்கு அதப்பத்தி ஒண்ணும் இல்ல.

அப்ப எனக்கு உன் ஞாபகம்தான். ஸ்கூல்ல மார்க் பாத்து பிரிச்சப்ப நீ நார்மல் ஸ்ட்ரீம், நான் அதுக்கு மேல எக்ஸ்பிரஸ். கேம்பஸ் டேல ஸ்டால் போட்டது நீ, சண்டைய தீத்து வச்சது நீ, அந்த மலாய்ப் பிள்ளைக்கு பரீட்சை ஃபீஸ் சேத்துக் குடுத்தது நீ. லீடர்ஷிப் கேம்புக்கு லிஸ்ட் வந்தப்ப உன் பேர் இல்ல, உன்ன யாரும் கேக்கக்கூட இல்ல. 2024ல செகண்டரி ஒண்ணு சேந்த பிள்ளைங்கள்லேந்து அந்த ஸ்ட்ரீமே இல்ல, சின்னவ அந்த முதல் பேட்ச். உனக்குக் கிடைக்க வேண்டியது அது. எத்தன பேர அப்டி விட்டுட்டோம்னு நெனச்சா இப்பவும் வயிறு எரியுது.

இப்ப என் கவலைய கேளு. புரோகிராம் முடிஞ்சுது, சர்டிஃபிகேட் வந்துடும், பாடத்துக்கு வெளிய செய்யறத கணக்கு வைக்கற லீப்ஸ்ல பதிஞ்சுடுவாங்க. அடுத்த வருஷம் இதுங்க செகண்டரி நாலு, 2027லேந்து ஓ லெவலுக்குப் பதிலா எஸ்.இ.சி.ன்னு புதுப் பரீட்சை, முதல் பேட்ச்ங்கறதால எல்லா வீட்லயும் டியூஷன் பயம். சனிக்கிழமை 9 மணிக்கு லிஃப்ட் கிட்ட யாரு நிப்பா? பாட்டி இவகிட்ட, அடுத்த வாரமும் வருவீங்களாம்மான்னு ஒவ்வொரு தடவையும் கேக்கறாங்களாம். வராம நின்னுட்டா, ஆரம்பிக்காமலே இருந்ததவிட அது கொடுமை. டீச்சர்கிட்ட பேசினேன், செகண்டரி ரெண்டு பிள்ளைங்கள இப்பவே கூட்டிட்டுப் போய் பழக்கணும், வருஷா வருஷம் புது ஐடியா தேடாம இதையே கை மாத்தி விடணும்னு. அவங்களுக்கும் ஆசைதான், ஆனா அடுத்த வருஷம் அவங்க இந்த ஸ்கூல்ல இருப்பாங்களான்னே தெரியலயாம். நேஷனல் யூத் கவுன்சில்ல யங் சேஞ்ச்மேக்கர்ஸ் கிராண்ட் இருக்கு, டிராலி, நோட்டீஸ் செலவுக்கு கேக்கலாம்னு பிள்ளைங்க பேசிக்குதுங்க. காசு கிடைக்கும்டி, ஆளு நிக்கணும்ல.

அதுக்குத்தான் நீ. அங்க வாலன்டியருங்கள வருஷக்கணக்கா கட்டி மேய்க்கறியே, ஒருத்தர் போனா அடுத்தவர எப்டி உள்ள கொண்டு வர்றே, ரோஸ்டர் எப்டி போடறே, இத இந்தப் பிள்ளைங்களுக்குச் சொல்லணும். நான் சொன்னா அம்மா சொல்றதாப் போயிடும். டிசம்பர்ல எப்படியும் வருவேன்னியே, ஒரு சனிக்கிழமைய எனக்கு குடு, காலைல அவங்ககூட நட, அப்புறம் கீழ கோப்பிக்கடைல உக்காந்து பேசு, தே தாரேக் என் செலவு. மக்சிக்கும் வருவாங்க, உங்க ரெண்டு பேருக்கும் நல்லா ஒத்துப் போகும்.

டிக்கெட் போட்டதும் தேதி அனுப்பு, சின்னவ லிஸ்ட்ல உன் பேர எழுதணும்னு நிக்கறா.

உன்,
ராணி