லொகேஷன் பின் கேக்குற நம்ம நடை குரூப்புக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் மக்களே,

ஏப்ரல் பொறந்தாலே குரூப்ல ஒரே கேள்விதான், "காட்டுப்பூ எங்க இருக்கு, பின் அனுப்புங்க". ரக்கூன் க்ரீக் ஸ்டேட் பார்க்னு சொன்னா பத்தல, எந்த மரத்தடின்னு வேணுமாம். அனுப்ப மாட்டேன், கோவிச்சுக்காதீங்க.

அந்த பார்க்ல காட்டுப்பூவுக்குன்னே 314 ஏக்கர் ஒதுக்கியிருக்காங்க, 700க்கு மேல செடி வகை இருக்கு, அமெரிக்காவுல நாம இருக்குற பிட்ஸ்பர்க் பக்கத்துலயே இப்படி ஒண்ணு கிடைச்சது நம்ம அதிர்ஷ்டம். ஆனா இது செர்ரி மரம் மாதிரி கார்ல இருந்தே தெரியாது, குனிஞ்சு பாக்கணும். மரங்க இலை விடுறதுக்கு முன்னாடி தரையில வெயில் விழுதுல்ல, அந்த சில வாரத்துக்குள்ள முளைச்சு பூத்து விதை வெச்சு, கோடை வர்றப்ப நிறைய செடி இலையோட காணாமப் போயிடும். முதல்ல பூக்குறது ஸ்னோ ட்ரில்லியம், அப்புறம் ஹெப்பாடிக்கா, ப்ளட்ரூட், ஏப்ரல் பாதிக்கு மேல ஓடைக்கரையில வர்ஜீனியா ப்ளூபெல். ப்ளட்ரூட் இதழ் ஒரு நல்ல மழைக்கு தாங்காது, போன வாரத்து லொகேஷன் பின்ன வெச்சுட்டு போனா வெறும் இலையத்தான் பாப்பீங்க.

பெரிய வெள்ளை ட்ரில்லியம் விதையில இருந்து பூக்க 7 வருஷத்துக்கு மேல ஆகும். விதைய எறும்புதான் இழுத்துட்டுப் போகும், அதுல ஒட்டியிருக்குற கொழுப்புக்காக, அப்ப எவ்ளோ மெதுவா பரவும்னு பாத்துக்கோங்க. ஃபேமிலி போட்டோவுக்குன்னு ட்ரெயில விட்டு நாலடி உள்ள போறீங்களே, பூவ மிதிக்காமத்தான் போறீங்க தெரியும், ஆனா பூக்குற வயசு வராத ட்ரவுட் லில்லி ஒத்தை இலையா நிக்கும், அத யாரு செடின்னு கவனிக்கறா?

ஊர்ல இருந்து வந்திருக்குற அத்தை சாமிக்கு ரெண்டு பூ பறிக்கலாமான்னு கேப்பாங்க, கை போகத்தான் செய்யும், தப்பா நினைக்கல. மல்லிய பறிச்சா மறுநாளும் பூக்கும். ட்ரில்லியத்த பறிச்சா பூவுக்குக் கீழ இருக்குற மூணு இலையும் சேந்து வந்துடும், அப்புறம் அந்த வருஷம் கிழங்குக்கு சாப்பாடே கிடையாது. அத்தைகிட்ட இத பக்குவமா எடுத்துச் சொல்லுங்க, புரிஞ்சுக்குவாங்க.

லேடி ஸ்லிப்பர் ஆர்க்கிட் எங்கன்னு மட்டும் தயவுசெஞ்சு கேக்கவே கேக்காதீங்க. தோண்டிட்டுப் போறவங்க இருக்காங்க. மண்ணுல இருக்குற ஒரு பூஞ்சைய நம்பி வளர்ற செடி அது, வீட்டுத் தோட்டத்துல வெச்சா பெரும்பாலும் செத்துடும்.

தேடுற வழி வேணா சொல்றேன். தெக்கு பாத்த சரிவுல முதல்ல பூக்கும், அங்க முடிஞ்சுதுன்னா வடக்கு சரிவுக்குப் போங்க. மேகமா இருந்தா ப்ளட்ரூட்டும் ஸ்ப்ரிங் பியூட்டிங்கற சின்னப் பூவும் மூடிக்கும், அதனால விடிஞ்சதும் ஓடாம நல்லா வெயில் ஏறினப்புறம் வாங்க. நாய அந்த 314 ஏக்கருக்குள்ள விட மாட்டாங்க, வீட்டுலயே விட்டுட்டு வந்துடுங்க. பழைய ஷூ போடுங்க, ஓடைப்பக்கம் ஒரே சேறு.