ஏஞ்சலா லான்ஸ்பரிக்குப் பணம் வந்த வழி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வெளிநாட்டு நடிகைகளின் சொத்து மதிப்பு என்று ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். அதில் ஏஞ்சலா லான்ஸ்பரிக்கு மூன்றே வரி. பெயர், ‘மர்டர், ஷி ரோட்’ தொடரில் நடித்தவர், இத்தனை கோடி, அவ்வளவுதான். இந்தக் கோடிக் கணக்கெல்லாம் யாரோ ஒருவர் குத்துமதிப்பாகப் போட்டதை இன்னொருவர் எடுத்துப் போட, கடைசியில் உங்கள் மேசைக்கு வந்து சேர்வது. அந்த அம்மாவின் பாஸ்புக்கை யார் பார்த்தார்கள்? பணம் எப்படி, எந்த வயதில் வந்தது என்ற கதை அந்த எண்ணைவிட எவ்வளவோ சுவாரசியமானது, அதை விட்டுவிட்டீர்களே என்ற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

1925-இல் லண்டனில் பிறந்தவர். தாத்தா ஜார்ஜ் லான்ஸ்பரி பிரிட்டன் தொழிற்கட்சியின் தலைவராக இருந்தவர், அம்மா மேடை நடிகை. சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். போர் வந்ததும் 1940-இல் அம்மா இவரையும் இரட்டைத் தம்பிகளையும் கூட்டிக்கொண்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பெரிய கடையில் வாரம் 28 டாலர் சம்பளத்துக்கு வேலை பார்த்த பெண்ணை எம்ஜிஎம் என்ற ஹாலிவுட் பட நிறுவனம் வாரம் 500 டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. முதல் படம் ‘கேஸ்லைட்’ (1944), அதற்கே ஆஸ்கர் பரிந்துரை. இதோடு வாழ்க்கை செட்டில் ஆகிவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள், ஆனால் ஸ்டுடியோ அவருக்குத் தொடர்ந்து கொடுத்தது தன் வயதுக்கு மீறிய பெண்களின் வேடங்கள். 1962-இல் ஒரு படத்தில் லாரன்ஸ் ஹார்வி என்ற நடிகருக்கு அம்மாவாக நடித்தார், அந்த ‘மகன்’ இவரைவிட மூன்றே வயது சின்னவர்! நம் ஊர் நடிகைகள் இதைப் படித்தால் சிரித்துக்கொள்வார்கள்.

அவரைத் தூக்கிவிட்டது மேடை. 1966-இல், நாற்பது வயதில், நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் ‘மேம்’ இசை நாடகம். பாட்டு, ஆட்டம், உடை மாற்றம் என்று மூச்சு வாங்கும் வேடம். அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதான டோனி கிடைத்தது. ஆனால் அதே நாடகம் 1974-இல் படமானபோது வேடம் லூசில் பால் என்ற நடிகைக்குப் போனது, படமும் எடுபடவில்லை. மொத்தம் ஐந்து முறை நடிப்புக்காக டோனி வாங்கினார், கடைசியாக 2009-இல், 83 வயதில்.

நடுவே 1970-இல் கலிஃபோர்னியாவின் மாலிபுவில் இருந்த வீடு தீயில் போனது. பிள்ளைகள் இரண்டு பேரும் போதைப் பழக்கத்தில் சிக்கியிருந்தார்கள். குடும்பத்தைத் தூக்கிக்கொண்டு அயர்லாந்தில் கார்க் பகுதிக்குப் போய், வேலையைக் கொஞ்ச காலம் அடியோடு ஒதுக்கிவைத்தார். பிள்ளைகள் மீண்டார்கள். சொத்துக் கணக்கு போடுகிறவர்கள் இந்த வருமானம் இல்லாத காலத்தை எந்தப் பத்தியில் எழுதுவார்களோ தெரியவில்லை.

இப்போது பணத்துக்கு வருகிறேன். 1984 செப்டம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ‘மர்டர், ஷி ரோட்’ தொடர் ஆரம்பித்தபோது அவருக்கு 58 வயது. முதலில் ஜீன் ஸ்டேபிள்டன் என்ற இன்னொரு நடிகையைக் கேட்டு, அவர் மறுத்த பிறகுதான் இவரிடம் வந்தார்கள். கணவரை இழந்த, ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை ஜெசிகா ஃப்ளெச்சர், துப்பறியும் கதைகள் எழுதுகிறார், போகிற இடமெல்லாம் ஒரு கொலை, கண்டுபிடிக்கிறார். காதல் கிடையாது, கார் துரத்தல் கிடையாது. ஞாயிறு இரவு அமெரிக்காவே உட்கார்ந்து பார்த்தது, 12 வருடம், 264 பகுதிகள். வேலைப்பளுவால் அவர் அலுத்துப்போன சமயத்தில் நிறுவனத்துக்கு அவரை விட மனமில்லை. அந்தப் பிடியை அவர் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார். குடும்பத்தின் கோரிமோர் நிறுவனம் தயாரிப்புக்குள் வந்தது, 1992-இல் அவரே நிர்வாகத் தயாரிப்பாளர் ஆனார். மகன் ஆண்டனி பல பகுதிகளை இயக்கினார், தம்பி புரூஸ் தயாரிப்பில் இருந்தார், கணவர் பீட்டர் ஷா பக்கபலம். (நம் ஊரில் என்றால் வாரிசு, குடும்ப ஆட்சி என்று நாலு பேர் பேசியிருப்பார்கள், போகட்டும்.) கால்ஷீட்டுக்குச் சம்பளம் வாங்குகிறவருக்கும் தயாரிப்பில் கை வைத்திருப்பவருக்கும் வருமானத்தில் மட்டும் வித்தியாசம் இல்லை, யாருக்கு வேலை கொடுப்பது என்று சொல்லும் உரிமையும் சேர்ந்து வருகிறது.

அந்த உரிமையை அவர் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம். அங்கே நடிகர் சங்கத்தின் மருத்துவக் காப்பீடு தொடர வேண்டுமென்றால் வருடத்துக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு நடித்துச் சம்பாதித்திருக்க வேண்டும். வயதானவர்களுக்கு வாய்ப்பு வராது, வாய்ப்பில்லை என்றால் காப்பீடும் போய்விடும், அதுவும் மருந்துச் செலவு ஏறுகிற வயதில். மேட்லின் ரூ என்ற நடிகை நரம்பு நோயால் சக்கர நாற்காலிக்கு வந்து, காப்பீட்டை இழக்கும் நிலையில் இருந்தார். அவருக்காக நூலகர் வேடம் ஒன்றை உண்டாக்கி, திரும்பத் திரும்ப வரவைத்தார் லான்ஸ்பரி. பழைய ஹாலிவுட் முகங்கள் பலரையும் அந்தத் தொடரில் இப்படிப் பார்க்கலாம்.

அப்புறம் 1995-இல் தொடரை வியாழக்கிழமைக்கு மாற்றி, ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்ற நகைச்சுவைத் தொடர் இன்னொரு சானலில் ஓடும் நேரத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். இளசுகளுக்காக அடித்துக்கொள்ளும் நேரத்தில் எழுபது வயது அம்மா என்ன செய்வார், பார்வையாளர்கள் குறைந்தார்கள், 1996-இல் முடிந்தது. ஆனால் அதற்குள் ‘மர்டர் அமங் ஃப்ரெண்ட்ஸ்’ என்ற பெயரிலேயே ஒரு பகுதி எடுத்து விட்டார்கள், அந்தக் குறும்புக்கே ஒரு சபாஷ். தொலைக்காட்சிக்கான எம்மி விருதுக்கு 18 முறை பரிந்துரை, ஒரு முறைகூடக் கையில் கொடுக்கவில்லை. 2022 அக்டோபர் 11 அன்று, 97-வது பிறந்தநாளுக்கு ஐந்து நாள் முன்பு காலமானார்.

இப்படிக் கதை எழுதத் தகுந்தவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். மேடையில் கொடிகட்டிப் பறந்த எம்.ஆர். ராதாவின் மகள் ராதிகா, ராடான் என்ற நிறுவனம் தொடங்கி, 1999-இல் ‘சித்தி’ தொடரைத் தானே தயாரித்துத் தானே நடித்தவர். அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது, அதனால் ஊகமே தேவையில்லை, ஆண்டறிக்கைகளை எடுத்துப் படித்தாலே லாப நட்டம் தெரியும். கோடிகளை அடுக்கும் அந்தப் பகுதியை நிறுத்தச் சொல்லவில்லை, சொன்னாலும் நிறுத்த மாட்டீர்கள். அதே பக்கத்தில் பாதியை ஒதுக்கி, ஒரு தொடரில் நாள் கூலிக்கு மாமியாராக நடிக்கும் முன்னாள் நாடக நடிகை ஒருவரிடம், உடம்புக்கு முடியவில்லை என்றால் செலவுக்கு என்ன செய்கிறீர்கள் என்று உங்கள் நிருபரைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி,
திருச்சி