இடிபாடுகளின் மேல் ஊர் எழுப்புகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மிகுபுனைவு நாவல் எழுதுகிறவர்களுக்கும், மேசை விளையாட்டுக்கும் கணினி விளையாட்டுக்கும் உலகம் சமைக்கிறவர்களுக்கும், வணக்கம்.

உங்கள் எல்லைப்புற நகரங்களின் வரலாறுகளை விடாமல் படித்துவருகிறோம். பெரும்பாலும் ஒரே வார்ப்பு. ஆயிரம் ஆண்டுக்கு முன் மறைந்த ஒரு பேரரசு, அது விட்டுப்போன பாசி படிந்த தூண்கள். பிறகு ஒரு வீரன் வந்து கொடி நட்டு ஊரை நிறுவுவான். அதற்கப்புறம் அரசர் பட்டியல், இரண்டு முற்றுகை, ஒரு சாபம். தூண்கள் மட்டும் அன்று நின்றபடியே இன்றும் நிற்கும். முந்நூறு ஆண்டு குடியிருந்தும் ஊரில் ஒருத்தர்கூட ஒரு கல்லைப் பெயர்த்து வாசற்படிக்குப் போட்டிருக்க மாட்டார். எங்கள் மனக்குறை இதுதான்.

இடிபாடு அந்த ஊரின் கையிருப்பு. பொளிந்த கல், சுட்ட செங்கல், ஈயம், வெண்கலம், தோண்டிய கிணறு, சமன் செய்த தரை எல்லாமே யாரோ உழைத்துச் சேர்த்துவிட்டுப் போனவை. வந்து குடியேறியவர்கள் அதைச் செலவழித்துத்தான் தலையெடுக்கிறார்கள். எது எந்தத் தலைமுறையில் தீர்ந்தது என்று எழுதிப் பாருங்கள், ஊர் வரலாறு பாதி முடிந்துவிடும். அரசர் பட்டியலை அப்புறம் செருகிக்கொள்ளலாம்.

முதலில் பழையவர்கள் ஏன் போனார்கள் என்று முடிவு செய்யுங்கள். போன காரணம் அங்கேயே உட்கார்ந்திருந்தால் புதியவர்களும் நிலைக்க முடியாது. பழையவர்களுக்கு இன்றியமையாததாக இருந்த ஒன்று இவர்களுக்குத் தேவைப்படாமல் இருக்கவேண்டும். இன்றைய துருக்கியிலுள்ள பழைய எஃபேசஸ் நகரின் துறைமுகம் வண்டல் படிந்து தூர்ந்தது. கப்பல் வணிகர்களுக்கு அது முடிவு, ஆடு மேய்ப்பவருக்கோ அது ஒரு பொருட்டே இல்லை. ரோமின் பழைய துறைமுகமான ஆஸ்டியாவை ஒட்டி ஓடிய டைபர் ஆறு 1557 வெள்ளத்தில் தடம் மாறிவிட்டது. 537-இல் கோத்தியர்கள் என்ற ஜெர்மானிய இனத்தார் ரோமை முற்றுகையிட்டு நீர்க்கால்வாய்களை உடைத்தார்கள். அதன்பின் குன்றுப் பகுதிகள் வெறிச்சோட, எஞ்சிய மக்கள் ஆற்று வளைவில் நெருங்கிக்கொண்டார்கள். உங்கள் ஊரிலும் அரண்மனை குன்றின் மேலும் குடிசைகள் ஆற்றோரமும் இருந்தால், காரணம் அடக்கமாக இருக்காது, தண்ணீராக இருக்கும்.

நீர்க்கால்வாயைப் புதியவர்கள் பழுதுபார்த்தார்கள் என்று ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள். பிரான்சின் நீம் நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்த ரோமானியக் கால்வாயின் நீளம் சுமார் 50 கிலோமீட்டர். அத்தனை தூரத்துக்கும் மொத்த இறக்கம் ஏறத்தாழ 12.6 மீட்டர்தான், அதாவது கிலோமீட்டருக்குச் சராசரி 25 சென்டிமீட்டர். மட்டம் பார்க்கத் தெரிந்த ஆளும், ஆண்டுதோறும் சுண்ணாம்புப் படிவைச் சுரண்ட வேலையாட்களும் இல்லையென்றால் வாய்க்கால் தானாக அடைத்துக்கொள்ளும். எல்லைப்புறத்தில் நூறு குடும்பத்தால் இதைச் செய்ய முடியாது. அவர்கள் பழைய நிலத்தடித் தொட்டியைத்தான் தூர்வாருவார்கள். 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழமுள்ள தொட்டியில் 3 லட்சம் லிட்டர் நிற்கும். 500 பேர், ஆளுக்கு 20 லிட்டர் என்றால் 30 நாள். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் 5 லிட்டர் என்று முறை வைத்தால் 120 நாள். முற்றுகை எத்தனை நாள் நீடித்தது என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும். தொட்டி விரிசல் விட்டிருந்தால் கதை வேறு.

முதல் குளிர்காலத்தில் யாரும் அரியணை மண்டபத்தில் குடியேற மாட்டார்கள். 6 மீட்டருக்கு மேல் அகலமான கூடத்துக்கு ஒரே உத்திரம் போடுவதென்றால் நெட்டையான, நேரான மரம் வேண்டும். அது காட்டில் இருந்தாலும் இழுத்துவர ஆள்பலம் வேண்டும். எனவே கூரை பிழைத்த இடங்கள் முதலில் நிரம்பும்: வளைவுக்கூரை போட்ட சரக்கறை, படிக்கட்டுக்கு அடியிலுள்ள பொந்து, கோபுரத்தின் கீழ்த்தளம். அடுத்து, இரண்டு சுவர் சேரும் மூலைகள். மூன்றாவது சுவரை உடைகல்லால் எழுப்பிச் சாய்ப்பு இறக்கினால் வீடாகிவிடும். எல்லாவற்றிலும் சிறந்தது வட்டரங்கு, அதாவது சுற்றிலும் படியிருக்கைகள் கொண்ட ரோமானியக் காட்சியரங்கு. வெளிச்சுவரே மதில், வளைவுகளை அடைத்தால் அறைகள், வாசல்கள் குறைவு. பிரான்சின் ஆர்ல் நகர வட்டரங்குக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளும் இரண்டு சிற்றாலயங்களும் இருந்தன. 1825-இல்தான் அவற்றை அகற்றத் தொடங்கினார்கள். குரோவேஷியாவின் ஸ்பிலிட் நகரமோ, ரோமப் பேரரசர் டயோக்ளீஷியனின் அரண்மனைக்குள் புகுந்து வளர்ந்தது. 7-ஆம் நூற்றாண்டில் பக்கத்து சலோனாவிலிருந்து தப்பி வந்தவர்கள் அங்கே ஒண்டினார்கள். இன்றும் அந்தச் சுவர்களுக்குள் குடியிருக்கிறார்கள்.

கல் கணக்குக்குத்தான் நீங்கள் அதிக நேரம் கொடுக்கவேண்டும். பழைய மதிலின் சுற்றளவு 800 மீட்டர், கனம் 2 மீட்டர், உயரம் 6 மீட்டர் என்று வையுங்கள். மொத்தம் 9,600 கனமீட்டர். பெயர்க்கும்போது உடைவதும் மண்ணோடு போவதும் பாதி. மீதி 4,800. வெளி அளவில் 5-க்கு 6 மீட்டர் வீடு, சுவர்க்கனம் அரை மீட்டர், உயரம் இரண்டரை மீட்டர் என்றால், கதவு சன்னலைக் கழிக்காமல் 25 கனமீட்டர் பிடிக்கும். ஆக ஒரு மதிலிலிருந்து 190 வீடு தேறும். ஒரு வீட்டுக் கல்லின் எடை 57 டன் போல வரும். மாட்டுவண்டியில் நடைக்கு அரை டன் ஏற்றினால் 114 நடை. இதனால்தான் வீடுகள் மதிலை ஒட்டியே முளைக்கும். கால் மைல் தள்ளிக் கட்டுகிறவன் வசதியுள்ளவன். நூறாண்டு கழித்துப் பகைவன் வரும்போது மதில் இருக்காது, வீடுகள் இருக்கும். எல்லைப்புற ஊர்கள் தங்கள் பாதுகாப்பைத் தாங்களே தின்றுவிடுவது இப்படித்தான்.

பெயர்ப்பதிலும் ஒரு வரிசை உண்டு. கையடக்கமாகவும் விலை கூடுதலாகவும் இருப்பது முதலில் போகும்: ஈயத்தகடு, ஈயக்குழாய், வெண்கலக் கதவு, கற்களைப் பூட்டிய இரும்புப் பட்டைகள். ரோமின் கொலோசியச் சுவரெங்கும் தெரியும் ஓட்டைகள் அந்த இரும்புக்காகக் குடைந்தவை. அடுத்து கூரை ஓடுகளும் மரமும். பிறகு பளிங்கு. அதன்பின் கைக்கெட்டும் உயரத்திலுள்ள முகப்புக்கல். மேலே முகப்புக்கல் அப்படியே இருக்க, கீழே உள்மண்டிய சல்லியும் காரையும் மட்டும் பல்லிளித்து நிற்கும் சுவர்களை நிறையப் பார்க்கலாம். கடைசியாக அடித்தளம். அதையும் தோண்டி எடுத்தபின் மிஞ்சுவது சல்லி நிரம்பிய ஒரு நீள்பள்ளம். மேலே பயிர் போட்டால், கோடையில் அந்தக் கோட்டில் மண்ணின் ஈரம் வேறுபடுவதால் பயிரின் நிறமும் மாறித் தெரியும். தொலைந்த அரண்மனையின் வரைபடத்தை மந்திரக் கண்ணாடியில் காட்டுவதைவிட வறட்சியாண்டில் ஒரு குன்றின் மேலிருந்து காட்டலாம். செலவும் இல்லை.

பளிங்கு எங்கே போகிறது? காளவாய்க்கு. ஏறத்தாழ 900 டிகிரி வெப்பத்தில் சுட்டால் 100 கிலோ பளிங்கு 56 கிலோ சுட்ட சுண்ணாம்பாகிவிடும். நீற்றிக் காரையாக்கினால் அதே பளிங்கு புது வீட்டின் சுவருக்குள் போகும். சிலைகளும் கல்வெட்டுப் பலகைகளும் நல்ல பளிங்கு, துண்டு போடவும் சுலபம், ஆகவே அவையே முதலில் எரியும். கருங்கல்லையும் எரிமலைக்கல்லையும் சுட்டு ஒன்றும் ஆகாது. இந்த ஒரு தேர்வுதான் உங்கள் ஊருக்கு எவ்வளவு கடந்தகாலம் தெரியும் என்பதை முடிவு செய்கிறது. பளிங்கு நகரம் என்றால் கல்வெட்டில் பெரும்பகுதி சாம்பலோடு போயிற்று, வாய்மொழிதான் மிச்சம். கருங்கல் நகரம் என்றால் எழுத்து நிற்கும், ஆனால் தலைகீழாக, வேறொரு சுவரில். வட இங்கிலாந்தின் ஹெக்ஸமில் 7-ஆம் நூற்றாண்டில் கட்டிய தேவாலய நிலவறையை இன்றும் பார்க்கலாம். ரோமானியக் கல்வெட்டுத் துண்டுகள் மற்ற கற்களோடு கல்லாக அதன் சுவரில் உட்கார்ந்திருக்கின்றன.

இது பழங்காலத்துப் பழக்கம் மட்டும் என்றும் நினைக்கவேண்டாம். வட இங்கிலாந்தில் ரோமானியர் எழுப்பிய எல்லைச்சுவரான ஹேட்ரியன் சுவரின் கற்கள் 1750-களில் ராணுவச் சாலைக்கு அடியில் போயின. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் சுற்றுமதில் கற்கள் 1836-இல் கொள்ளிடத்தின் கீழணைக்குப் போயின. ஹரப்பாவின் செங்கற்கள் 1850-களில் லாகூர்–முல்தான் ரயில்பாதைக்குச் சரளையாயின. பேரரசுகளும் வண்டி வைத்துத்தான் அள்ளியிருக்கின்றன.

அள்ளுவது பெருகினால் சட்டம் வரும். 458-இல் பேரரசர் மஜோரியன், ரோமின் பழைய பொதுக்கட்டடங்களை இடிக்க அனுமதி தரும் அதிகாரிக்கு 50 பவுண்டு தங்கம் அபராதம் என்றும், உடந்தையான கீழ்நிலை ஊழியர்களுக்குச் சவுக்கடியும் கைவெட்டும் என்றும் ஆணையிட்டார். இப்படியொரு ஆணை பிறக்கிறது என்றாலே அனுமதிச்சீட்டு விற்பனை கொழிக்கிறது என்று அர்த்தம். உங்கள் ஊரிலும் கல்லுக்கு உரிமையாளர் யார், கோட்டைத் தலைவரா, கோயிலா, முதலில் கயிறு கட்டியவரா என்று தீர்மானியுங்கள். நல்ல பகை ஒன்று கிடைக்கும்.

இனி நிலவறைகள். உங்கள் எல்லாருக்கும் பிடித்த இடம் என்பதால் இங்கே தவறுகளும் அதிகம். நகரத்தின் தரைமட்டம் ஓயாமல் உயர்கிறது. சாக்கடை அடைபட்டு, குப்பையும் இடிந்த சுவரும் நிரவப்பட்டு, அதன்மேல் அடுத்த வீடு எழும். பச்சைச் செங்கல் ஊர்களில் வேகம் இன்னும் கூடுதல். ஈராக்கின் எர்பில் கோட்டைமேடு ஏறத்தாழ 30 மீட்டர் உயரம், முழுக்க முழுக்க மக்கள் வாழ்ந்த மண். துருக்கியின் ட்ராய் மேட்டில் ஒன்பது முதன்மை அடுக்குகள். எனவே பழைய தரைத்தளம் நிலவறையாகும், பழைய மாடிச் சன்னல் தெருவாசலாகும். ஆனால் கீழே இருக்கிற அறை காலியாக இருக்காது. நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போனால் தண்ணீர், மேலே இருந்தால் குப்பை. ஸ்பிலிட்டில் வீட்டுத் தரையில் ஓட்டை போட்டு நூற்றாண்டுகளாகக் கழிவைக் கீழே கொட்டினார்கள். அந்த அடித்தளக் கூடங்கள் கெடாமல் தப்பியதற்குக் காரணமே அந்தக் கழிவு. இஸ்தான்புல்லின் 336 தூண் கொண்ட நிலத்தடித் தொட்டியைப் பற்றி 16-ஆம் நூற்றாண்டில் ஊருக்கு வந்த பிரெஞ்சு அறிஞர் பீட்டர் கில்லியஸ் எழுதியிருக்கிறார். மேலே குடியிருந்தவர்கள் வீட்டுக்குள்ளிருந்தே வாளி இறக்கித் தண்ணீர் மொண்டார்கள், மீனும் பிடித்தார்கள். ஒரு பாட்டி சமையலறைக் குழியில் தூண்டில் போடுகிறாள் என்றால், அவள் வீட்டுக்கடியில் என்ன இருக்கிறது என்று நீங்கள் தனியாக விளக்கவேண்டியதில்லை.

புதையல் விஷயத்தைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறோம். மந்திர வாளும் பேசும் மோதிரமும் உங்கள் உலகில் விலை உள்ளவை என்றால், அவை ஈயத்தகட்டோடு முதல் தலைமுறையிலேயே போயிருக்கும். முந்நூறு ஆண்டு சிறுவர்கள் ஒளிந்து விளையாடிய சரக்கறையின் முதல் அறையில் எதுவும் கிடைக்காது. கிடைக்கவேண்டுமானால் மூன்று வழி: தண்ணீருக்கடியில் இருக்கவேண்டும், பிணம் புதைத்த இடம் என்று யாரும் தொடாமல் விட்டிருக்கவேண்டும், இல்லையேல் இன்னும் ஆள் குடியிருக்கும் வீட்டின் அடித்தளத்தில் இருக்கவேண்டும். மூன்றாவதை யாரும் எழுதுவதேயில்லை. வீட்டுக்காரரிடம் பேரம் பேசுவது பூதத்தோடு சண்டை போடுவதைவிடச் சுவையான காட்சி.

கட்டடம் பிளக்கும் இடத்தையும் குறித்துவையுங்கள். பாதிச் சுவர் பழைய கல் மேடை மீதும் பாதி நிரவிய மண் மீதும் நின்றால், மண் பக்கம் இறங்கும், மேடைப் பக்கம் இறங்காது, நடுவில் வாய் பிளக்கும். மெக்சிகோ நகரப் பேராலயம் ஒருசீராகத் தாழாமல் கோணியதற்கு, அடியிலிருக்கும் ஆஸ்டெக் கட்டுமானங்கள் ஒரு காரணம். அந்தக் கட்டுமானங்களின் பெரிய கோயிலை 1978-இல் கண்டெடுக்க வழிசெய்தவர்கள் மின்கம்பிக்குப் பள்ளம் தோண்டியவர்கள். பெரு நாட்டின் கஸ்கோவில் நேர்மாறு. 1950 நிலநடுக்கத்தில் சாந்தோ தொமிங்கோ மடாலயம் பெரும் சேதமடைந்தது, அடியிலிருந்த இன்காச் சுவர்கள் நின்றன. உங்கள் ஊர்க் கோபுரம் சரிவதற்குச் சாபம் தேவையில்லை.

எல்லைப்புறம் என்பதையும் மறந்துவிடாதீர்கள். அங்கே ரொக்கம் புழங்குவது காவற்படைச் சம்பளத்தாலும் சுங்கத்தாலும்தான். சம்பளம் நின்றால் மதுக்கடை, கொல்லன் பட்டறை, தோல்வேலை இந்த வரிசையில் மூடும். படை ஊரைவிட்டுப் போகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஹேட்ரியன் சுவரிலுள்ள பேர்டோஸ்வால்ட் கோட்டையில் ஒரு தானியக் களஞ்சியத்தின் கூரை விழுந்தபின், ரோமானிய ஆட்சி முடிந்த காலத்தில், அதே இடத்தில் பெரிய மரக்கூடம் எழுந்திருக்கிறது. படைத்தலைவன் இருந்த இடத்திலேயே ஊர்த்தலைவன் ஆகியிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. நிறுவுநர் வீரன் எங்கிருந்தோ குதிரையில் வரவேண்டியதில்லை, சம்பளம் வராத சுபேதாரே போதும்.

பழையவர்களின் பெயரை ஊரார் சரியாகச் சொல்வதாகவும் எழுதாதீர்கள். தமிழ்நாட்டு மலைகளிலுள்ள பெருங்கற்காலக் கல்திட்டைகளுக்குப் பாண்டவர் வீடு, குள்ளர் வீடு என்றெல்லாம் பெயருண்டு. கட்டியவர்கள் யார் என்பது ஊர் நினைவில் இல்லை, அறையின் அளவுக்கேற்ற ஆளை ஊர் கற்பித்துக்கொண்டது. உங்கள் அறிஞர் பாத்திரம் ஒரு பெயர் சொல்லட்டும், கிணற்றடியில் வேறு பெயர் வழங்கட்டும்.

அந்தக் கிணற்றடியிலிருந்தே தொடங்கலாம். கவிழ்த்துக் குடைந்த தூண் தலைப்பு ஒன்று கைப்பிடிச்சுவராக வைக்கப்பட்டிருக்கிறது. உள்விளிம்பில் கயிறு அறுத்த தடங்கள், விரல் புதையும் ஆழம். வெளிப்பக்க இலைவேலைப்பாட்டில் குடம் உரசி உரசி ஒரு பக்கம் மழுங்கிவிட்டது, சுவரோரப் பக்கம் இன்னும் கூராக இருக்கிறது. எந்தக் கட்டடத்துத் தூண், யார் உருட்டிவந்தார், யாரிடம் அனுமதி வாங்கினார், தடம் அவ்வளவு ஆழமாக எத்தனை தலைமுறை ஆகும் என்று நான்கு கேள்வி. இதுபோல் வாசற்படி, உரல், ஆலயப் பலிபீடம், பாலத்தின் நடுக்கல் என்று இன்னும் நான்கு பொருளுக்குக் கேட்டு, பதில்களைக் கால வரிசையில் அடுக்குங்கள். இரண்டு பதில் முரண்பட்டால் அழிக்கவேண்டாம், அங்கே ஒரு வழக்கு நடந்திருக்கிறது.

அடுத்த ஊரை இப்படி எழுதி அனுப்புங்கள். மதிலின் நீள அகல உயரத்தையும் கல்லின் வகையையும் மறக்காமல் குறிப்பிடுங்கள், கணக்கை நாங்கள் சரிபார்க்கிறோம்.

இப்படிக்கு,
பழைய ஊர்களின் அடித்தளங்களைப் படிப்பதே வேலையாகக் கொண்ட சில வாசகர்கள்